கலர் ப்ரூஃப் அன்றும் இன்றும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அச்சுக்கு ஃபைல் கொடுக்கும் டிசைனர்கள், புத்தகம் போடுபவர்கள், பெட்டி, லேபிள் வேலைக்குக் கலர் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதுகிறேன். பழைய முறைகளைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். இன்றைய ப்ரூஃப் ஏன் இப்படி இருக்கிறது என்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பழைய கதையில்தான் இருக்கிறது.

ப்ரூஃப் என்றால் எழுத்துப்பிழை பார்ப்பதுதானே, கலருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பெயர் ஒன்று, வேலை வேறு. மெய்ப்புத் திருத்துபவர் கையில் இருக்கும் தாள் எழுத்தைப் பார்ப்பதற்கு. கலர் ப்ரூஃப் என்பது, ஆயிரக்கணக்கில் அச்சடிப்பதற்கு முன்னால், இந்தப் படம் மிஷினிலிருந்து என்ன நிறத்தில் வெளியே வரும் என்று ஒரு தாளில் காட்டுவது. அதில் வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது இரண்டு தரப்புக்கும் ஒப்பந்தம் மாதிரி. மிஷின்மேன் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மையை ஏற்றி இறக்குவார்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், கீழே வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. ப்ரூஃப் அழகாக இருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை. மிஷினில் வரப்போவதைச் சரியாக முன்கூட்டிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பளபளவென்று கண்ணைப் பறிக்கும் ப்ரூஃபைக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டு, அப்புறம் மிஷினில் அந்த நிறத்தைத் துரத்திக்கொண்டு ஓடுவதைப் போன்ற அவதி இந்தத் தொழிலில் வேறு இல்லை.

மானிட்டரில் தெரிவது அச்சில் ஏன் அப்படியே வருவதில்லை?

மானிட்டர் சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது. மை தாளில் படும் ஒளியிலிருந்து ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு மைகளால் எட்ட முடியாத நிறங்கள் நிறைய இருக்கின்றன, பளீரென்ற பச்சை, கண் கூசும் ஆரஞ்சு, ஆழமான நீலம் எல்லாம் அந்த வகை. திரையில் அவை தெரியும், தாளில் மங்கும். ப்ரூஃப் தேவைப்படுவதே இதனால்தான்.

ப்ரூஃப் முறைகள் வருவதற்கு முன்னால் எப்படித்தான் பார்த்தார்கள்?

அச்சடித்துத்தான் பார்த்தார்கள். கல்லச்சில் பல நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இதுதான் வழி. நாலு கலர் அச்சு பரவிய பிறகு, இதற்கென்றே தட்டையான படுக்கை கொண்ட ப்ரூஃப் மிஷின்கள் இருந்தன. ஈய எழுத்து, பிளாக் அச்சுக் காலத்தில் அமெரிக்காவின் வாண்டர்குக் மிஷின் இதற்குப் பெயர் போனது. பிளேட்டிலிருந்து ரப்பர் பிளாங்கெட்டுக்கும், அங்கிருந்து தாளுக்கும் மை போகும் ஆப்செட் முறைக்கும் இதேபோல் தனி மிஷின்கள் வந்தன. படம் பதிந்த தகடான பிளேட்டைப் பூட்டி, மை தடவி, தாளைக் கையால் வைத்து, ஒவ்வொரு நிறமாக அடிப்பார்கள்.

அந்தக் காலத்தின் அருமையான விஷயம் 'புரோக்ரசிவ்' என்ற தாள் கட்டு. முதல் தாளில் மஞ்சள் மட்டும். அடுத்ததில் மெஜந்தா மட்டும். அப்புறம் இரண்டும் சேர்ந்தது. பிறகு சியான் தனியாக, மூன்றும் சேர்ந்தது, கருப்பு தனியாக, கடைசியில் நான்கும். ஒரு முகத்தின் படத்தை இப்படி ஏழு தாளில் புரட்டிப் பார்த்தால், மஞ்சளில் வெறும் நிழலாக இருப்பது மெஜந்தா சேர்ந்ததும் சட்டென்று தோலாக மாறும். சியான் விழுந்ததும் கன்னத்துக்கு வளைவு வரும், கருப்பு விழுந்ததும் கண் திறக்கும். மிஷின்மேனுக்கு இது அலங்காரம் இல்லை. மஞ்சளும் மெஜந்தாவும் ஓடும்போது எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று அவர் ஒவ்வொரு படியிலும் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஒரே வழிகாட்டி. நிறம் எப்படிக் கட்டப்படுகிறது என்று இதைவிடத் தெளிவாகக் கற்றுக்கொடுக்கும் பொருளை நான் பார்த்ததில்லை.

நிஜ மையில், நிஜத் தாளில் அடித்தது. அதைவிட உண்மையான ப்ரூஃப் இருக்க முடியுமா? ஏன் கைவிட்டார்கள்?

முதல் காரணம் நேரமும் பணமும். ஒரு ப்ரூஃப் எடுக்க நான்கு பிளேட் வேண்டும், மிஷினைக் கழுவி நான்கு முறை மை மாற்ற வேண்டும். வாடிக்கையாளர் "சட்டையில் கொஞ்சம் சிவப்பைக் குறையுங்கள்" என்றால், பிளேட் எடுக்க ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக இருக்கும் பிலிமில், படத்தைக் கட்டும் நுண்ணிய மெஜந்தா புள்ளிகளை ரசாயனம் தொட்ட தூரிகையால் கரைத்துச் சிறிதாக்குவார்கள். அந்தக் கைவேலைக்கென்றே தனிக் கைகாரர்கள் இருந்தார்கள். அப்புறம் புதுப் பிளேட், மறுபடி ப்ரூஃப். இப்படி இரண்டு மூன்று சுற்று போனால் நாட்கள் ஓடிவிடும்.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது: இந்த ப்ரூஃபும் பொய் சொல்லும். ப்ரூஃப் மிஷினில் ஒரு நிறம் ஓரளவு காய்ந்த பிறகுதான் அடுத்தது விழும். நாலு கலர் மிஷினில் ஈர மைமேல் ஈர மை விழுகிறது. காய்ந்த மைமேல் ஏறும் அளவுக்கு ஈர மைமேல் அடுத்த மை ஏறாது. அதனால் மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்து வரும் சிவப்பு, சியானும் மஞ்சளும் சேர்ந்து வரும் பச்சை இரண்டுமே ஓட்டத்தில் மாறிவிடும். வேகமும் அழுத்தமும் வேறு, புள்ளி விரியும் அளவும் வேறு. நிஜ மை, நிஜத் தாள் என்பதாலேயே நிஜ முடிவு வந்துவிடாது.

'கலர் கீ' என்று மூத்தவர்கள் சொல்வது என்ன?

3எம் கம்பெனியின் தயாரிப்பு. நான்கு ஒளிபுகும் பாலியஸ்டர் தாள்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நிறம் பூசியிருக்கும். பிலிமை மேலே வைத்துப் புற ஊதா ஒளி காட்டி, திரவத்தால் துடைத்தால் படத்துக்கு வேண்டிய நிறம் மட்டும் நிற்கும். நான்கையும் ஒன்றின்மேல் ஒன்றாக வெள்ளைத் தாளில் அடுக்கினால் படம். பிளேட்டும் வேண்டாம், மிஷினும் வேண்டாம்.

குறை என்னவென்றால், நான்கு பிளாஸ்டிக் படலங்களைத் தாண்டித்தான் தாளின் வெள்ளை கண்ணுக்கு வர வேண்டும். ஒவ்வொரு படலமும் கொஞ்சம் ஒளியைத் தின்னும், கொஞ்சம் உள்ளேயே பிரதிபலிக்கும், மொத்தத்தில் வெள்ளை சாம்பலடித்துத் தெரியும். ரெஜிஸ்டர் (நான்கு நிறமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவது) சரியா, எந்தப் படம் எங்கே, நிறம் ஏதாவது இடம் மாறிவிட்டதா என்று பார்க்க அருமையானது. தோல் நிறத்துக்கு இதை நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது.

குரோமலினுக்கு ஏன் அவ்வளவு மரியாதை?

ஏனென்றால் அது மிஷின் இல்லாமல், ஒரே தாளில், நம்பிக் கையெழுத்துப் போடும் தரத்தில் வந்த ப்ரூஃப். டூபாண்ட் கம்பெனி 1972இல் கொண்டுவந்தது. அதன் செயல்பாடு எவ்வளவு எளிமையானது என்று நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புதான்.

வெள்ளை அட்டையின்மேல் ஒட்டும் தன்மையுள்ள ஒரு மெல்லிய படலத்தைச் சூட்டில் ஒட்டுவார்கள். அதன்மேல் பாசிட்டிவ் பிலிமை (மை விழ வேண்டிய இடம் கருப்பாக இருப்பது) வைத்துப் புற ஊதா ஒளி காட்டுவார்கள். ஒளி பட்ட இடம் கெட்டியாகிப் பிசுபிசுப்பை இழந்துவிடும். பிலிமின் கருப்புப் புள்ளி மறைத்த இடம் மட்டும் பிசுபிசுவென்றே இருக்கும். மேல் உறையை உரித்துவிட்டு, மஞ்சள் பொடியைப் பஞ்சில் தொட்டுத் தடவினால், பிசுபிசுப்பு இருக்கும் புள்ளிகளில் மட்டும் பொடி ஒட்டிக்கொள்ளும், மற்ற இடம் துடைத்தால் வெள்ளையாகிவிடும். கண் முன்னாலேயே படம் எழும். மறுபடி படலம், மறுபடி ஒளி, மெஜந்தாப் பொடி. இப்படி நான்கு முறை, கடைசியில் பாதுகாப்புக்கு ஒரு மேல் பூச்சு.

இதன் பெரிய பலம், பிளேட் போடப் போகும் அதே பிலிமிலிருந்து ப்ரூஃப் வருவது. பிலிமில் தூசி இருந்தால் ப்ரூஃபில் தெரியும். இரண்டு நிறங்களின் ஸ்கிரீன் கோணங்கள் (புள்ளி வரிசைகள் சாயும் கோணங்கள்) மோதி, மொய்ரே என்ற வேண்டாத கட்டம்கட்டமான கோலம் வந்தால் அதுவும் தெரியும். பொதுவாக சியான் 15 டிகிரி, மெஜந்தா 75, கருப்பு 45, மஞ்சள் 0 என்று கோணம் பிரித்து வைப்பார்கள், லூப் என்ற சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் நான்கு நிறப் புள்ளிகளும் சேர்ந்து சின்னச் சின்ன ரோஜா மாதிரி நிற்கும். குரோமலினில் அந்த ரோஜாவைப் பார்த்துவிட்டால் பிலிம் சரி என்று நிம்மதியாக இருக்கலாம்.

பலவீனமும் சொல்ல வேண்டும். மேற்பரப்பு நல்ல பளபளப்பு, நிழல் பகுதிகள் ஆழமாக இருக்கும். அதைப் பார்த்து மயங்கி, வேலையைப் பூச்சு இல்லாத சொரசொரப்புத் தாளில் அடித்தால் படம் செத்துக் கிடக்கும். பொடியை ஒருவர் அழுத்தித் தடவுவார், இன்னொருவர் மெதுவாகத் தடவுவார், அதனாலும் நிறம் மாறும், பின்னாளில் இதற்காகவே தடவும் இயந்திரங்கள் வந்தன.

மேட்ச்பிரின்ட் வேறா?

3எம்மின் மேட்ச்பிரின்டில் பொடி கிடையாது. நிறம் ஏற்றிய மெல்லிய படலத்தையே அடித்தாளில் ஒட்டி, ஒளி காட்டி, திரவத்தில் கழுவி எடுப்பார்கள், நான்கு முறை. நெகட்டிவ் பிலிமில் வேலை செய்த அச்சகங்கள் இதை அதிகம் விரும்பின. கை வித்தியாசம் குறைவு. மற்றபடி இரண்டும் ஒரே தலைமுறை, ஒரே நோக்கம். ஃபூஜி, ஆக்ஃபா கம்பெனிகளும் இதே வகையில் விற்றன.

'டாட் கெயின்' என்று எப்போதும் சொல்கிறார்களே, ப்ரூஃபுக்கும் அதற்கும் என்ன?

பிலிமிலோ ஃபைலிலோ 50% என்று இருக்கும் புள்ளி, மிஷினில் ரப்பர் பிளாங்கெட் அழுத்தத்தில் கொஞ்சம் நசுங்கி விரியும். அதோடு தாளுக்குள் ஒளி சிதறி, புள்ளியின் ஓரத்தில் ஒரு நிழல் விழும். இரண்டும் சேர்ந்து அது 65% போலவோ அதற்கு மேலேயோ தெரியும். சொரசொரப்பான தாளில் இன்னும் அதிகம். ப்ரூஃப் இதைக் கணக்கில் எடுக்காவிட்டால், ப்ரூஃபில் வெளுப்பாக இருந்த முகம் அச்சில் கருத்துப் போகும்.

1970களின் நடுவில் அமெரிக்கப் பத்திரிகை உலகம் ஸ்வாப் என்ற பொது விவரக்குறிப்புக்கு வந்ததும் இதுபோன்ற தலைவலியால்தான். பல விளம்பர நிறுவனங்கள் அனுப்பும் பிலிம்கள் ஒரே பத்திரிகையின் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும்போது, ஒவ்வொருவரின் ப்ரூஃபும் வேறு வேறு மிஷினைக் கற்பனை செய்துகொண்டிருந்தால் மிஷின்மேன் யாரைத்தான் திருப்திப்படுத்துவார்?

டிஜிட்டல் ப்ரூஃப் எப்போது வந்தது?

1980களின் பிற்பகுதியில் ஐரிஸ் இன்க்ஜெட் பரவத் தொடங்கியது. வேகமாகச் சுழலும் உருளையில் தாளைச் சுற்றி, நிற்காமல் பீய்ச்சும் மைத்துளிகளில் வேண்டாதவற்றை மின்புலத்தால் ஒதுக்கித் தள்ளி, வேண்டியதை மட்டும் தாளில் விழ வைப்பார்கள். புள்ளியே தெரியாத, புகைப்படம் போன்ற வழவழப்பு. பின்னால் ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் தங்கள் படைப்புகளைப் பிரதி எடுக்க இந்த மிஷினையே தேடிப் போனார்கள்.

ஆனால் லூப் வைத்துப் பழகிய கண்களுக்கு அந்த வழவழப்புதான் பிடிக்கவில்லை. "புள்ளி எங்கே? ரோஜா எங்கே? மொய்ரே வந்தால் எப்படித் தெரியும்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1990களின் தொடக்கத்தில் வந்த கோடாக் அப்ரூவல் அதற்குப் பதில் சொன்னது: லேசரால் நிறப் படலத்திலிருந்து புள்ளி புள்ளியாக நிறத்தை மாற்றி, நிஜமான ஸ்கிரீன் புள்ளிகளோடு, வேலைக்கான அதே தாளிலேயே ப்ரூஃப் கொடுத்தது. விலை உயர்ந்த கருவி, ஆனால் பிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு மாறிய காலத்தில் பலருக்கு அது தைரியம் கொடுத்தது.

பிலிம் போனதால் என்ன மாறியது? ப்ரூஃப் எடுக்கும் கருவி மட்டும்தானே?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

1995இல் நடந்த ட்ரூபா அச்சுத் தொழில் கண்காட்சிக்குப் பிறகு, கம்ப்யூட்டரிலிருந்து நேரே பிளேட் எடுக்கும் சி.டி.பி. வேகமாகப் பரவியது. அதுவரை ப்ரூஃபும் பிளேட்டும் ஒரே தாய்க்குப் பிறந்தவை, இரண்டுக்கும் மூலம் ஒரே பிலிம். ப்ரூஃபில் இருப்பது பிளேட்டில் இருந்தே தீரும். பிலிம் போனதும் அந்த உறவு அறுந்துவிட்டது. ஒரு ஃபைல் இன்க்ஜெட்டுக்கு ஒரு ரிப் (ஃபைலை அச்சுப் புள்ளிகளாக மாற்றும் மென்பொருள்) வழியாகப் போகிறது, பிளேட்டுக்கு இன்னொரு ரிப் வழியாகப் போகிறது. நடுவில் எழுத்துரு மாறலாம், ஓவர்பிரின்ட் (ஒரு நிறத்தின்மேல் இன்னொன்றை அடிப்பது) ஒன்றில் வேலை செய்து இன்னொன்றில் செய்யாமல் போகலாம், ட்ரான்ஸ்பரன்சி (கீழே இருப்பது தெரியும்படி வைத்த பகுதி) உடைந்து வெள்ளைப் பெட்டி தெரியலாம். ப்ரூஃபில் எல்லாம் சரியாக இருக்கும்.

எனக்கே இது நடந்திருக்கிறது. ஒரு புத்தக அட்டை, தலைப்பின் கீழே மெல்லிய நிழல். ப்ரூஃபில் நிழல் அழகாக விழுந்திருந்தது, கையெழுத்துப் போட்டாயிற்று. மிஷினில் முதல் தாள்களை எடுத்துப் பார்த்தால் நிழலைச் சுற்றி லேசான சதுரம், பின்னணியைவிட ஒரு சாயல் வெளுப்பாக. ப்ரூஃபும் பிளேட்டும் வேறு வேறு ரிப் பதிப்புகளில் போயிருந்தன. பிலிம் காலத்தில் இந்தப் பிழை ப்ரூஃபிலேயே சிக்கியிருக்கும். அன்றைக்கு மிஷினை நிறுத்திப் புதுப் பிளேட் போட்டோம்.

பிலிம் தானாகக் கொடுத்துக்கொண்டிருந்த உத்தரவாதத்தை எண்களாலும் ஒழுங்காலும் மறுபடி கட்டவேண்டி வந்தது. அதற்காக வந்தவைதான் அச்சுக்கென்று வரையறுத்த ஃபைல் வடிவமான பி.டி.எஃப்/எக்ஸ், கீழே விளக்கும் ஐ.சி.சி. புரொஃபைல், அச்சு நிறத்துக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 12647 போன்றவை. பலர் இவற்றை வெறும் சான்றிதழ் சடங்காக நினைக்கிறார்கள், அது பெரிய தவறு. முடிந்தால் ப்ரூஃபும் பிளேட்டும் ஒரே ரிப்பில் பிரித்த டேட்டாவிலிருந்து வரும்படி அச்சகத்தில் கேளுங்கள்.

ஐ.சி.சி. புரொஃபைல் எளிமையாகச் சொன்னால் என்ன?

ஒவ்வொரு கருவியும் தன் பாஷையில் பேசுகிறது. "மெஜந்தா 60" என்றால் இந்த மிஷினில் ஒரு நிறம், அந்த இன்க்ஜெட்டில் வேறு நிறம். நடுவில் ஒரு பொது அளவு வேண்டும், அது மனிதக் கண்ணை அடிப்படையாகக் கொண்ட சி.ஐ.இ. லேப், 1976இல் வரையறுத்தது. ஒரு கருவியின் எண்கள் லேப் அளவில் எந்த நிறம் என்று எழுதி வைத்த அகராதிதான் புரொஃபைல். 1993இல் ஆப்பிள், அடோபி, கோடாக், ஆக்ஃபா, மைக்ரோசாப்ட் உள்ளிட்ட எட்டுக் கம்பெனிகள் சேர்ந்து இதற்கு ஐ.சி.சி. என்ற பொது அமைப்பைத் தொடங்கின.

ப்ரூஃப் பிரின்டருக்கு மிஷினைவிட அதிக நிறங்கள் காட்டும் திறன் வேண்டும். ஆனால் அந்தத் திறனைக் காட்டவே கூடாது. புரொஃபைல் அதை அடக்கி, மிஷின் காட்டும் நிறத்தை மட்டும் காட்ட வைக்கும். தாளின் மஞ்சளடித்த வெள்ளையைக்கூட லேசாகச் சாயம் தெளித்துக் காட்டும். அந்தச் சாயத்தைப் பார்த்து "ப்ரூஃப் அழுக்காக இருக்கிறதே" என்பார்கள். அழுக்கில்லை, நீங்கள் தேர்ந்தெடுத்த தாள் அது.

என் ஃபைலில் எந்த புரொஃபைல் வைப்பது?

அச்சகம் சொல்வதை. வேறு பதில் கிடையாது. பூசிய தாளுக்கு நீண்ட காலம் ஜெர்மனியின் அச்சு ஆராய்ச்சி நிறுவனமான ஃபோக்ராவின் ஃபோக்ரா 39 என்ற தரம் பரவலாக இருந்தது, 2015இல் பூசிய தாளுக்கு ஃபோக்ரா 51, பூசாத தாளுக்கு ஃபோக்ரா 52 வந்தன. வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வேறு தரங்கள் உண்டு. ப்ரூஃப் ஒரு தரத்துக்கும் மிஷின் இன்னொரு தரத்துக்கும் இருந்தால் எவ்வளவு துல்லியமாக எடுத்த ப்ரூஃபும் வீண்.

என் கையில் இருக்கும் இன்க்ஜெட் தாள் நம்பகமான ப்ரூஃபா, வெறும் பிரின்ட் அவுட்டா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓரத்தைப் பாருங்கள். சின்னச் சின்ன வண்ணக் கட்டங்கள் வரிசையாக இருக்க வேண்டும். இந்தக் கட்ட வரிசைகளில் அதிகம் புழங்கும் உக்ரா/ஃபோக்ரா மீடியா வெட்ஜின் மூன்றாம் பதிப்பில் 72 கட்டங்கள். பக்கத்தில் ஒரு வரி: ஃபைல் பெயர், தேதி, எந்தத் தரத்தைப் பின்பற்றியது, எந்தக் கருவி, எந்தத் தாள். அந்தக் கட்டங்களை, நிறத்தை எண்ணாக அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரால் அளந்த முடிவு ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது.

அளவுகோல் டெல்டா ஈ. இரண்டு நிறங்களுக்கு இடையேயான தூரம். 1 என்பது பழகிய கண்ணுக்கே கஷ்டப்பட்டுத் தெரியும் அளவு. ஒப்பந்த ப்ரூஃபுக்கான ஐ.எஸ்.ஓ. 12647-7இன் 2007 பதிப்பு, எல்லாக் கட்டங்களின் சராசரி 3க்குள், எந்த ஒரு கட்டமும் 6க்குள், தாளின் வெள்ளை 3க்குள், தனி மைகள் 5க்குள் என்று வைத்தது. பின்னால் வந்த பதிப்பு, கண்ணுக்கு இன்னும் நெருக்கமான டெல்டா ஈ 2000 கணக்குக்கு மாறியது.

கட்டமும் இல்லை, வரியும் இல்லை என்றால் அது பிரின்ட் அவுட். அமைப்பைப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், நிறத்துக்கு அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

புள்ளி தெரியாத ப்ரூஃபை எப்படி நம்புவது?

இன்று பெரும்பாலான வேலைக்கு நம்பலாம். ஸ்கிரீன் கோணங்கள் சி.டி.பி.யில் நிலையாக இருப்பதால் மொய்ரே பயம் முன்பைவிடக் குறைவு. சட்டைத் துணியின் நெருக்கமான நெசவு, வலைக் கம்பி, ஸ்பீக்கரின் துளைத் தகடு போன்ற படங்கள் இருந்தால் மட்டும், ரிப்பிலிருந்து புள்ளியோடு வரும் பிட்மேப்பைத் திரையிலாவது பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

ப்ரூஃபை எந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்?

டி50 என்ற 5000 கெல்வின் வெளிச்சம், பார்க்கும் வெளிச்சத்துக்கான தரமான ஐ.எஸ்.ஓ. 3664 சொல்வது. ப்ரூஃபையும் அச்சுத் தாளையும் உன்னிப்பாக ஒப்பிடும் இடத்தில் 2000 லக்ஸ், சாதாரணமாகப் பார்க்க 500 லக்ஸ். சுற்றிலும் பளபளப்பில்லாத நடுநிலைச் சாம்பல் நிறம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால் மெட்டாமெரிசம். ப்ரூஃபின் இன்க்ஜெட் மையும் ஆப்செட் மையும் வேறு வேறு நிறமிகள். ஒரு வெளிச்சத்தில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாகத் தெரியும், இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். மூன்று மைகளைக் கலந்து கட்டிய சாம்பல் நிறத்தை வைத்துப் பாருங்கள்: டி50 விளக்கு வைத்த, ப்ரூஃப் பார்க்கும் பெட்டிக்குள் நடுநிலையாக நின்றது, ஜன்னலோரம் கொண்டுபோனால் பச்சை காட்டும், மஞ்சள் பல்புக்குக் கீழே ரோஜா நிறம் தட்டும். தோல் நிறத்திலும் மர நிறத்திலும் இதேதான். சாயங்கால ஜன்னல் வெளிச்சத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் மிஷினோடு சண்டைக்குப் போவதில் அர்த்தம் இல்லை.

அமெரிக்காவின் அச்சுத் தொழில்நுட்ப அமைப்பான ஜி.ஏ.டி.எஃப். ஒரு சின்ன ஸ்டிக்கர் வைத்திருந்தது. சரியான 5000 கெல்வினில் பார்த்தால் ஒரே நிறக் கட்டம், வெளிச்சம் தவறினால் அதே கட்டத்தில் கோடு கோடாகத் தெரியும். ப்ரூஃபின் மூலையில் ஒட்டியிருந்தால் வாக்குவாதமே வராது. கோடு தெரிகிறதா, இடத்தை மாற்று.

இன்னொன்று, பெட்டியின் ட்யூப்களும் வயதாகி நிறம் மாறும். எரிகிறதே என்று விட்டுவிடாமல், தயாரிப்பாளர் சொல்லும் மணிக் கணக்கில் மாற்றச் சொல்லுங்கள்.

அச்சடித்த தாள் நீலமாகத் தெரிகிறது, ப்ரூஃப் மஞ்சளாகத் தெரிகிறது. இரண்டும் அளவில் சரி என்கிறார்கள். எப்படி?

தாளில் இருக்கும் வெண்மையூட்டிகள் காரணம். துணிக்குப் போடும் நீலம் மாதிரிதான், ஆனால் இவை புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாக வெளியிடும். இன்றைய அச்சுத் தாள்களில் இவை நிறைய, பழைய ப்ரூஃப் தாள்களில் குறைவு. அளக்கும் கருவியின் விளக்கில் புற ஊதா குறைவாக இருந்தால் இரண்டும் ஒன்று என்று சொல்லிவிடும். பார்க்கும் பெட்டியில் புற ஊதா இருந்தால் கண்ணுக்கு வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 2009இல் அளவீட்டுத் தரத்தைத் திருத்தி, டி50 வெளிச்சத்துக்கு இணையான புற ஊதாவோடு அளக்கும் எம்1 என்ற நிலையை வைத்ததும், பின்னர் ஃபோக்ரா 51, 52 வந்ததும் இந்தப் பிரச்சினைக்காகத்தான். ப்ரூஃப் தாளிலும் வெண்மையூட்டி இருக்கிறதா, எம்1இல் அளந்தார்களா என்று கேளுங்கள்.

தாளே வேண்டாம், திரையிலேயே ப்ரூஃப் பார்த்தால் போதாதா?

பல வேலைக்குப் போதும். நல்ல மானிட்டர், மாதத்துக்கு ஒரு தடவையாவது அளவீடு, சரியான அச்சு புரொஃபைல் மூன்றும் இருந்தால் திரை ப்ரூஃப் ஆச்சரியப்படும் அளவுக்கு நெருங்கும். அடிக்கடி நடக்கும் தவறு, திரையின் பிரகாசம். கணக்கு எளிது: நல்ல வெள்ளைத் தாளில் 500 லக்ஸ் விழுந்தால் அது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 160 கேண்டெலா (பிரகாசத்தின் அளவு) அளவுக்கு ஒளிரும். மானிட்டரை 160க்கு வைத்து, பக்கத்தில் 500 லக்ஸில் தாளை வைத்தால் ஒப்பிடலாம். 2000 லக்ஸ் என்றால் தாள் 640ஐத் தொடும், அங்கே சாதாரண மானிட்டர் இருட்டாகத்தான் தெரியும். அதனால்தான் வெளிச்சத்தைக் குறைக்கும் வசதியுள்ள பெட்டிகள் விற்கிறார்கள்.

தாள் நிறத்தோடு காட்டும் அமைப்பை ஆன் செய்த நொடியில் படம் மங்கிப் பழுப்பேறின மாதிரி மனம் திடுக்கிடும். ஆன் செய்யும்போது வேறு பக்கம் பாருங்கள், திரையில் இருக்கும் மற்ற வெள்ளைச் சன்னல்களை மூடுங்கள், சில வினாடி கழித்துப் பாருங்கள். கண் பழகிவிடும்.

தனி நிறங்கள், வெள்ளி, தங்கம், ஃப்ளூரசன்ட்?

தனி நிறம் என்பது நாலு மையால் கட்டாமல், முன்பே கலந்த ஒரே மையாக அடிப்பது. அதற்கு எண் கொடுத்து அடையாளம் காட்டும், 1963இல் தொடங்கிய பான்டோன் முறையில் பல நிறங்கள் நாலு கலருக்கு எட்டாதவை. அதிக மைகள் கொண்ட இன்க்ஜெட் அவற்றில் பெரும்பங்கை நெருங்கும். உலோக நிறமும் ஃப்ளூரசன்டும் நெருங்காது. அவற்றுக்கு அதே தாளில் மை இழுத்துப் பார்த்த மாதிரித் தாள்தான் நம்பகம். மேலே மேட் அல்லது கிளாஸ் லேமினேஷன் போடுவதாக இருந்தால் மாதிரிக்கும் அதைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும், நிறம் கண்டிப்பாக மாறும்.

ப்ரூஃபில் கையெழுத்துப் போட்டேன், அச்சில் நிறம் வேறு. யார் மேல் தவறு?

முதலில் இரண்டையும் டி50க்குக் கீழே கொண்டுபோங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். அப்புறம் ப்ரூஃபின் கட்டங்களை அளங்கள், அது தரத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்க. அடுத்து அச்சுத் தாளின் ஓரத்தில் இருக்கும் கலர் பார் என்ற வண்ணப் பட்டையை அளங்கள். மை கனம் சரியா, புள்ளி விரிவு சரியா? ப்ரூஃப் சரி, பார் தவறு என்றால் மிஷின் பக்கம். பார் சரி, ப்ரூஃப் தவறு என்றால் ப்ரூஃப் எடுத்தவர் பக்கம். இரண்டும் சரி, இருந்தும் வேறாகத் தெரிகிறது என்றால், இரண்டும் வேறு வேறு தரத்தைப் பின்பற்றியிருக்கும், அல்லது தாள் மாறியிருக்கும். ஈரமான தாளைக் காய்ந்த ப்ரூஃபோடு ஒப்பிட்டீர்களா என்றும் பாருங்கள், காயும்போது மை கொஞ்சம் உயிர் இழக்கும்.

போன தடவை எடுத்த ப்ரூஃபை மறு அச்சுக்குப் பயன்படுத்தலாமா?

இருட்டான உறையில், வெயில் படாமல் வைத்திருந்தாலும் முதலில் அதன் கட்டங்களை மறுபடி அளந்து பாருங்கள். சுவரில் ஒட்டி வைத்திருந்தது என்றால் யோசிக்கவே வேண்டாம், தூக்கிப் போடுங்கள். அதே ஃபைலிலிருந்து, அதே தரத்துக்குப் புதிதாக ஒன்று எடுத்து, காய்ந்து நிலைபெற விட்டு அளந்து, முதல் ஓட்டத்தில் நீங்கள் ஒப்புக்கொண்ட அச்சுத் தாளையும் சேர்த்து மிஷின்மேனிடம் கொடுங்கள். அந்த அச்சுத் தாளின் பின்பக்கம் தேதி, தாளின் பெயர், கிராம் எடை மூன்றையும் பென்சிலில் எழுதி வையுங்கள்.